குளிருக்குத்தான் மிஸ்

2022 பிப்ரவரி இரண்டாவது வாரம். குன்னூர்ப் பக்கம் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளி. பிரேயர் மணி அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. கேட் டியூட்டியில் நின்ற ஆசிரியை ஒருவர், உள்ளே நுழைந்த ப்ளஸ் டூ மாணவி ஒருத்தியை நிறுத்திக் கேட்டார்: "இந்த ஸ்கார்ஃப் குளிருக்கா, இல்ல வேற எதுக்காவதா?"

"குளிருக்குத்தான் மிஸ்" என்றாள் அவள்.

அது உண்மையில்லை. அன்று காலை அந்த கேட்டைத் தாண்டி வந்த பெண்களில் பாதிப் பேர் தலையில் அதே மெரூன் கம்பளி ஸ்கார்ஃப் இருந்தது. பையன்கள் குல்லா போட்டிருந்தார்கள். கேள்வி மட்டும் முஸ்லிமான அவள் ஒருத்தியிடம்தான் வந்தது. நான் அவளுடைய வகுப்பாசிரியை. வணிகவியலும் கணக்குப்பதிவியலும் நடத்துகிறவள். பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். கேள்வியும் பதிலும் காதில் தெளிவாக விழுந்தன. என்ன நடந்தது என்று புரிய எனக்கு இரண்டு வாரம் ஆனது.

இதை அந்த மாணவியின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவளுக்கு இப்போது கல்லூரிப் படிப்பும் முடிந்துவிட்டது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டிருக்கிறேன். பள்ளியின் பெயரும் இங்கே வராது. ஆசிரியர் கூட்டங்களில், "நம்ம ஸ்கூல்ல அந்த மாதிரிப் பிரச்சினையே கிடையாது, இதுவரைக்கும் ஒரு புகார் வந்ததில்ல" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். நானும் சொல்லியிருக்கிறேன். ஒரு புகார் வராமல் இருப்பதற்குப் பின்னால் பதினேழு வயதுப் பெண் எத்தனை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள் என்பது தெரிந்த பிறகு, அந்த வாக்கியத்தை என்னால் சொல்ல முடியவில்லை.

ஊரும் வீடும்

மதம் கலந்த வகுப்பறை நீலகிரிக்குப் புதிதல்ல. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாடு முழுவதும் கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம், இஸ்லாமியர்கள் 5.86 சதவீதம். நீலகிரி மாவட்டத்தில் இரு தரப்பும் தனித்தனியே பத்து சதவீதத்தைத் தாண்டுகிறார்கள். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் மலையாளம் பேசும் மாப்பிளாமார், குன்னூர், ஊட்டி மார்க்கெட்டுகளில் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம்கள், 1840களில் கேத்திக்கு வந்த பாசல் மிஷன் வழியாகக் கிறிஸ்தவரான குடும்பங்கள், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்கள் என்று எல்லாரும் ஒரே பஸ்ஸில்தான் பள்ளிக்கு வருகிறார்கள். கிறிஸ்தவ நிர்வாகத்தில் நடக்கும் பள்ளிகளும் இங்கே நிறைய. அதனால் யார் சிறுபான்மை என்பது கேட்டுக்குக் கேட் மாறும். ஒரு பள்ளியில் இந்துப் பிள்ளை தனியாளாக உட்கார்ந்திருக்கும். இன்னொன்றில் கிறிஸ்தவப் பிள்ளை. முஸ்லிம் பிள்ளை பெரும்பாலும் இரண்டிலுமே தனியாள்தான்.

இந்த மாணவியின் வீட்டில் பேசுவது தமிழ். ராவுத்தர் குடும்பம். அத்தா ஒரு பிக்கப் வண்டி ஓட்டுகிறார். கேத்திப் பள்ளத்தாக்கில் கழுவி மூட்டை கட்டிய காரட்டை ஏற்றிக்கொண்டு, விடிவதற்குள் மலையிறங்கி மேட்டுப்பாளையம் மண்டியில் சேர்ப்பது அவர் வேலை. அம்மா வீட்டிலேயே தைக்கிறார். நன்னி, அதாவது பாட்டி, உடனிருக்கிறார். தம்பி அப்போது ஒன்பதாம் வகுப்பு, வேறு பள்ளி.

அவளுக்குத் தமிழ்ப் பாடத்தில்தான் மதிப்பெண் அதிகம். "தமிழ் நல்லா பேசுறியே!" என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டேன். "எண்ணல மிஸ்" என்றாள். "வீட்ல உருதுவா?", "நீங்க தமிழா, முஸ்லிமா?", "உன்னைப் பார்த்தா முஸ்லிம் மாதிரியே இல்ல." கடைசியாகச் சொன்னதைப் பாராட்டு என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள். தமிழ்நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலானோருக்குத் தாய்மொழி தமிழ். இது ஆசிரியர்களுக்கே மறந்துபோகிறது.

அப்புறம் 'பாய்'. மரியாதையாகவும் சொல்கிற சொல்தான் அது, நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பையன் ஆறாம் வகுப்பில் சேர்ந்த அன்று பெயரைத் தொலைத்து 'பாய்' ஆகி, ப்ளஸ் டூ முடிக்கும்வரை அப்படியே இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். இவளுடைய அத்தாவை முதன்முதலில் பார்த்தபோது, யோசிக்காமல் நானும் "வாங்க பாய்" என்றுதான் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. பழகிப்போன முகம்.

2020 முதல்

பிரச்சினை ஸ்கார்ஃபில் தொடங்கவில்லை. 2020 மார்ச் கடைசியில், தப்லீக் ஜமாத் என்ற முஸ்லிம் அமைப்பின் டெல்லி மாநாட்டுக்குப் போய் வந்தவர்களிடம் கொரோனா தொற்று கண்டுபிடிக்கப்பட்டது. ஏப்ரலில் தினசரி அறிவிப்புகளில் அந்த மாநாட்டோடு தொடர்புடையவர்கள் என்று தனி எண்ணிக்கை வந்தது. அவள் அப்போது பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வு நடக்குமா நடக்காதா என்று தெரியாத நாட்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில், பழ வியாபாரி ஒருவர் பழத்தில் எச்சில் தடவுவதாகச் சொல்லும் வீடியோ வந்து விழுந்தது. கீழே, "இவங்க கடையில வாங்காதீங்க" என்று ஒருவன். அதற்குக் கைதட்டும் படங்கள் சில. அந்தக் குழுவில் ஆசிரியர்களும் இருந்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை.

அவள் குழுவை விட்டு வெளியேறவில்லை. சத்தம் வராதபடி அமைத்துவிட்டு, நாளுக்கு ஒருமுறை மட்டும் திறந்து பார்த்தாள். ஏன் வெளியேறவில்லை என்று கேட்டபோது அவள் சொன்ன காரணம் எளிமையானது: நோட்ஸ் அதில்தான் வந்தது. அதே மாதம் அவள் அத்தாவிடம் காரட் விவசாயி ஒருவர், "கொஞ்ச நாளைக்கு வேற டிரைவரை அனுப்புங்க" என்றார். வண்டியை ஒரு மாதம் வேறொருவர் ஓட்டினார். வீட்டில் இருவருமே தத்தம் கதையை மற்றவரிடம் சொல்லவில்லை.

2021 செப்டம்பர் 1ஆம் தேதி ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வகுப்புகள் திறந்தன. மதியச் சாப்பாட்டு நேரத்தில் "வெள்ளிக்கிழமை ஆச்சே, பிரியாணி எங்க?" என்பது தொடங்கியது. சில நாள் "என்ன கறி அது?" என்று மூடியைத் திறந்து பார்த்தார்கள். அவள் அம்மாவிடம், "இனிமே தயிர்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் போதும்மா" என்றாள். பெண்ணுக்கு உடம்பு குறைக்கும் ஆசை வந்துவிட்டது என்று அம்மா நினைத்துக்கொண்டார். அந்த வருடம் முழுக்க அந்த டப்பாவில் வேறெதுவும் வரவில்லை.

ஸ்கார்ஃப் விஷயம் இப்படி. தலையை மூடுவது அவளாக எடுத்த முடிவு, பதினாறு வயதில். பள்ளிக்குத் தனியாக ஒன்று வேண்டாம் என்று பள்ளி ஸ்டோரில் விற்கும் கம்பளி ஸ்கார்ஃபையே வைத்துக்கொண்டாள். மற்றப் பெண்கள் அதை மோவாய்க்குக் கீழே ஒரு முடிச்சுப் போட்டுக் கட்டி, வெயில் ஏறி இரண்டாவது பீரியட் வந்ததும் கழற்றிப் பையில் திணிப்பார்கள். இவள் காதோரம் சின்ன ஊசி ஒன்று குத்தி, முனைகளை ஸ்வெட்டர் கழுத்துக்குள் செருகிவிடுவாள். மாலை நான்கு மணிவரை கழற்ற மாட்டாள். உறைபனி விழும் மாதங்களில் யார் இதைக் கவனிக்கப் போகிறார்கள்? நான்கு மாதம் ஒருவரும் கவனிக்கவில்லை.

அந்த பிப்ரவரி

ஜனவரியில் மூடியிருந்த பள்ளிகள் 2022 பிப்ரவரி 1ஆம் தேதி திறந்தன. உடுப்பியில் ஹிஜாப் அணிந்த மாணவிகளைக் கல்லூரி வகுப்புக்குள் விடாத செய்தி அதற்குள் நாடெங்கும் பரவியிருந்தது. பிப்ரவரி 5 அன்று கர்நாடக அரசு சீருடை குறித்த ஆணை போட்டது. 10ஆம் தேதி உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு. மார்ச் 15 அன்று தீர்ப்பு மாணவிகளுக்கு எதிராக வந்தது. அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். முதுமலையைத் தாண்டினால் பந்திப்பூர், அது கர்நாடகம். எங்களுக்கு அது தூரத்துச் செய்தி கிடையாது.

அங்கே மாணவிகளின் எதிர்வினை பல விதமாக இருந்தது. சிலர் வழக்குப் போட்டார்கள். சிலர் வாசலில் உட்கார்ந்தார்கள். சிலர் கேட்டில் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். சிலர் தேர்வையே எழுதவில்லை. முதல் இரண்டு வகையைத்தான் டிவி காட்டியது.

தமிழ்நாட்டில் அப்படி ஒரு ஆணை கிடையாது. பிப்ரவரி 19 அன்று உள்ளாட்சித் தேர்தலில், மேலூர் வாக்குச்சாவடி ஒன்றில் ஹிஜாப் அணிந்து ஓட்டுப்போட வந்த பெண்ணை ஒரு கட்சியின் முகவர் ஆட்சேபித்தபோது, மற்றக் கட்சி முகவர்கள் எதிர்த்து நின்று அந்த முகவரை வெளியேற்ற வைத்தார்கள். அதைப் படித்துப் பெருமைப்பட்டேன். என் பள்ளி கேட்டில் கேட்கப்பட்ட கேள்விக்கு நான் அந்த முகவர்கள் செய்ததைச் செய்யவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

உறைக்க வைத்தது வருகைப் பதிவேடு. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தபோது, எப்போதும் நேரத்துக்கு வரும் அவள் பெயருக்கு எதிரே தாமதக் குறிகள் இருந்தன. எல்லாம் செவ்வாய், வியாழன். பஸ் பிரச்சினை என்றால் மற்ற நாளிலும் இருக்க வேண்டுமே. ஸ்டாஃப் ரூமில் ஒட்டியிருந்த டியூட்டிப் பட்டியலைப் பார்த்தேன். செவ்வாயும் வியாழனும் கேட்டில் நிற்பவர் அந்த ஆசிரியைதான். பிரேயர் தொடங்கிய பிறகு கேட் டியூட்டி முடிந்து வாட்ச்மேன் மட்டும் நிற்பார். அந்த நேரம் பார்த்து வந்திருக்கிறாள்.

அவள் போட்ட கணக்கு

நூலகத்தில் உட்கார வைத்துக் கேட்டேன். "ஒண்ணுமில்ல மிஸ்." பதிவேட்டைத் திறந்து இரண்டு நாட்களையும் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினாள்.

நடுவில் கோடு போட்டு இரண்டு பத்தி. கணக்குப்பதிவியல் மாணவி ஆயிற்றே. இடது பக்கம் 'சொன்னா', வலது பக்கம் 'சொல்லலன்னா'.

'சொன்னா' பக்கத்தில்: ஆறு பாடம், அக மதிப்பீடு பத்துப் பத்தாக அறுபது மார்க். கணினிப் பயன்பாடுகள் செய்முறை இருபது. டி.சி.யில் நடத்தை என்ன போடுவார்கள். அத்தா ஸ்கூலுக்கு வரணும், ஒரு நாள் வண்டி நிக்கும். தம்பி கேள்விப்பட்டா சண்டைக்குப் போவான். எல்லாரும் என்னையே பார்ப்பாங்க.

'சொல்லலன்னா' பக்கத்தில் ஒரே வரி: மே வரைக்கும்தான்.

பதினெட்டு வருடம் பற்று வரவு கற்றுக்கொடுத்தவள் நான். இவ்வளவு சுத்தமான கணக்கை வேறு எந்த மாணவரும் எனக்கு எழுதிக் காட்டியதில்லை. அறுநூறில் எண்பது மதிப்பெண் ஆசிரியர்கள் கையில் இருக்கிறது. அதில் கை வைக்க மாட்டோம் என்று எங்களுக்குத் தெரியும், அவளுக்கு எப்படித் தெரியும்? அதை நாங்கள் ஒருநாளும் சொல்லவில்லை.

மத வெறுப்பை மாணவர்கள் எப்படி எதிர்கொள்கிறார்கள் என்று பேசும்போது நாம் வழக்கு, புகார், போராட்டம் ஆகியவற்றையே எதிர்வினை என்று எண்ணுகிறோம். டப்பாவில் சாதத்தை மாற்றுவது, குழுவின் சத்தத்தை அணைப்பது, ஆள் பார்த்துத் தாமதமாக வருவது, இரண்டாவது பெஞ்சிலிருந்து சுவரோரத்துக்குப் போவது, "குளிருக்குத்தான்" என்பது. இவை ஐந்தும் எதிர்வினைகளே. ஒவ்வொன்றுக்கும் யோசித்திருக்கிறாள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை கொடுத்திருக்கிறாள். விலை மலிவானதைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். எங்கள் பதிவேடுகளில் அவற்றில் ஒன்றுக்குத்தான் இடமிருந்தது, அதுவும் அவள் மேல் குற்றமாக.

"மே மாசம் என்ன செய்வ?" என்று கேட்டேன். பொதுத்தேர்வு மே மாதம்தான் என்று சொல்லியிருந்தார்கள். மேயில் இங்கே குளிர் ஏது? மலர்க் கண்காட்சிக்கு வரும் கூட்டமும் வெயிலும்தான்.

"அதுதான் மிஸ் தெரியல."

வீட்டில் அதற்குள் விஷயம் பாதி தெரிந்திருந்தது. அம்மா, "ஸ்கூல்ல மட்டும் கழட்டிடும்மா, படிப்பு முக்கியம், அல்லாஹ்வுக்குத் தெரியும்" என்றார். அத்தா டி.சி. வாங்கி வேறு பள்ளியில் சேர்க்கலாம் என்றார். பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது எந்தப் பள்ளி சேர்க்கும்? வெள்ளைத் துப்பட்டியில் காலம் முழுக்கக் குன்னூர் மார்க்கெட்டுக்கு நடந்துபோன நன்னிக்கு, இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்றே விளங்கவில்லை. கழற்றவும் மாட்டேன், பள்ளி மாறவும் மாட்டேன் என்பது அவள் முடிவு. மூன்று பெரியவர்களும் அதற்கு மேல் பேசவில்லை. அவளுடைய பிடிவாதம் அவளைத் தாங்கியது என்று சொல்வேன், அந்த வீடு அவளை நெருக்காமல் விட்டதும் சேர்த்து.

தம்பி வேறு மாதிரி. அவன் பள்ளியில் ஒருவன் "பாகிஸ்தானுக்குப் போடா" என்று சொல்ல, இவன் கை நீட்டிவிட்டான். மூன்று நாள் இடைநீக்கம். அடித்தது பதிவில் ஏறியது. அதற்கு முன்னால் வந்த சொல் எந்தத் தாளிலும் இல்லை. அக்காவின் கணக்கில் 'தம்பி' என்று ஒரு வரி ஏன் இருந்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

தோழி

அவள் பக்கத்தில் உட்கார்பவள் நீலகிரியின் படுகர் சமூகப் பெண். கேட்டில் கேட்ட கேள்வி அவளுக்கும் தெரியும். ஒரு திங்கட்கிழமை அந்தத் தோழி தன் ஸ்கார்ஃபை இரண்டாவது பீரியடுக்குப் பிறகும் கழற்றவில்லை. மூன்றாவது பீரியட் ஆசிரியர் கேட்டதற்கு, "எனக்கும் குளிருது சார்" என்றாள். மறுநாள் இன்னும் இரண்டு பேர். எந்தப் பேச்சும் இல்லை, எழுத்தும் இல்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது எனக்கு.

ஆனால் மாணவிக்கு அது முழு நிம்மதியாக இல்லை. பின்னால் சொன்னாள்: "நல்லாத்தான் மிஸ் இருந்துச்சு. ஆனா அதுவரைக்கும் எனக்கும் அந்த மிஸ்ஸுக்கும் மட்டும் தெரிஞ்சது, அன்னைக்கு மொத்த க்ளாஸுக்கும் தெரிஞ்சுபோச்சு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்." அன்போடு செய்ததுதான், அதிலும் தைரியத்தோடு. ஆதரவு தர விரும்பும் எல்லாரும் இந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட வேண்டும் என்று நான் இப்போது நினைக்கிறேன். நானும் கேட்காமல் தலைமையாசிரியரிடம் ஓடியிருப்பேன், தோழியின் கதை தெரிந்ததால் நின்றேன்.

சட்டம் எங்கே நிற்கிறது

அரசியலமைப்பின் 28(3) பிரிவு, அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிலையங்களையும் கட்டுப்படுத்தும். மாணவரின் சம்மதமில்லாமல், சிறுவராக இருந்தால் காப்பாளரின் சம்மதமில்லாமல், மதபோதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ள வைக்கக் கூடாது. எத்தனை பள்ளிகளில் காலை பிரேயருக்கு முன் இப்படிச் சம்மதம் கேட்கிறார்கள்?

பிஜோ இமானுவேல் வழக்கை ஒவ்வோர் ஆசிரியரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1985இல் கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தில், யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளி அவர்களை வெளியேற்றியது. 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அடங்கிய அமர்வு அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. பேச்சுரிமைக்குள் பேசாமல் இருக்கும் உரிமையும் அடங்கும் என்றது அந்தத் தீர்ப்பு. அந்த மூவரின் மௌனம் அவர்கள் நம்பிக்கையிலிருந்து வந்தது. என் மாணவியின் மௌனம் அறுபது மார்க்கிலிருந்து வந்தது. இரண்டையும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

கல்வி உரிமைச் சட்டம் 2009, 17ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. 2023 ஆகஸ்டில் முசாஃபர்நகரில் ஒரு முஸ்லிம் சிறுவனைச் சக மாணவர்களை விட்டே ஆசிரியை அடிக்க வைத்தபோது, உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தைத்தான் எடுத்துப் பேசியது. ஆனால் அது ஆறு முதல் பதினான்கு வயதுவரை. கல்லூரி என்றால் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012 விதிமுறைகள், மத அடிப்படையிலான பாகுபாட்டைக் கவனிக்கத் தனி அலுவலர் வேண்டும் என்கின்றன. பதினேழு வயதில் ப்ளஸ் டூ படிப்பவள் இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறாள். குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையமும் 1098 எண்ணும் பதினெட்டு வயதுவரை உண்டு, பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணும் உண்டு. இவற்றை அவளிடம் சொன்னேன். அவள் ரஃப் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "அதுவும் 'சொன்னா' பக்கம்தானே மிஸ்" என்றாள்.

சட்டம் இருந்தும் கதவு மூடியிருப்பதற்கு இன்னொரு பையனைச் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரி விடுதிக்குப் போனவன். தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். தாத்தா பாட்டி இலங்கையிலிருந்து வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஜெபத்துக்குப் போவான். சாதிச் சான்றிதழில் இந்து, ஆதிதிராவிடர். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதி ஆணைப்படி கிறிஸ்தவர் பட்டியல் சாதியில் வர முடியாது. தமிழ்நாட்டில் மதம் மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் ஆகிவிடுவார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கில் அதையே உறுதி செய்தது. விடுதி அறையில் அவனுடைய பைபிளைப் பார்த்துவிட்டு, அவனுக்கு 'அல்லேலூயா' என்று பெயர் வைத்தார்கள். கிறிஸ்தவர்களை இழிவுபடுத்தச் சொல்லும் 'பாவாடை', 'அரிசி மூட்டை' எல்லாம் உண்டு. அவனும் சேர்ந்து சிரிக்கிறான். கல்லூரியில் அந்தத் தனி அலுவலர் இருக்கிறார். அங்கே போய்ப் புகார் எழுதினால் 'கிறிஸ்தவன் என்பதால்' என்று எழுத வேண்டும். எழுதிய தாள் எங்கே போகும், உதவித்தொகை நிற்குமா, விடுதி இடம் போகுமா? அவனுடைய 'சொன்னா' பக்கம் அவளுடையதைவிட நீளம். சாதியால் பட்ட காயத்துக்கு ஒரு சான்றிதழ், நம்பிக்கையால் படும் காயத்துக்கு ஊமைத்தனம் என்று அவனை இரண்டாகப் பிளந்து வைத்திருக்கிறது இந்த ஏற்பாடு. எனக்கு இதில் கோபம்தான் வருகிறது.

பள்ளி செய்தது

அவளிடம் கேட்டேன், என்ன செய்தால் உனக்கு உதவியாக இருக்கும் என்று. இரண்டு நாள் எடுத்துக்கொண்டு வந்து சொன்னாள்: "என் பேர் வரக்கூடாது. அந்த மிஸ் எங்கிட்ட வந்து மன்னிப்பெல்லாம் கேட்கக் கூடாது. யாரும் எதுக்குன்னு கேட்காம இருந்தா போதும் மிஸ்."

தலைமையாசிரியர் முதலில் சொன்னது, நான் எதிர்பார்த்ததுதான். "புகார் எதுவும் வரலையே மிஸ்." பதிவேட்டையும் டியூட்டிப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன், அவள் பெயரை விரலால் மறைத்துக்கொண்டு. அவர் மோசமான மனிதர் இல்லை. "நாடு இருக்கிற நிலைமையில நாமளா ஏன் இதைத் தொடணும்?" என்று பயந்தார். மூன்று கூட்டம் ஆனது. கடைசியில் சீருடை விதியில் ஒரு வரி சேர்ந்தது: 'மாணவ மாணவியர் பள்ளி நிறத்தில் தலைத்துணி அல்லது குல்லா ஆண்டு முழுவதும் அணியலாம், அணிவதற்கான காரணம் கேட்கப்படாது.' அக மதிப்பீட்டு மதிப்பெண்ணை மாணவர் பார்த்துக் கையெழுத்திடுவதும் அந்த ஆண்டிலிருந்து வந்தது. இரண்டாவதற்காக நான் அதிகம் வாதாடினேன். அவளுடைய கணக்கில் பெரிய தொகை அதுதானே.

அந்த ஆசிரியையிடம் நானே தனியாகப் பேசினேன். பணமில்லாத பிள்ளைக்குச் சத்தமில்லாமல் ஃபீஸ் கட்டியவர் அவர், எனக்குத் தெரியும். "நான் சாதாரணமாத்தான் கேட்டேன்" என்றார். "அத்தனை பேர் போட்டிருந்தாங்களே, அவகிட்ட மட்டும் ஏன் மிஸ்?" என்றேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பதில் வரவில்லை. பிறகு செவ்வாய், வியாழன் டியூட்டியை வேறொருவருக்கு மாற்றித் தரும்படி அவரே கேட்டுக்கொண்டார்.

மார்ச்சில் தாமதக் குறி ஒன்றுகூட இல்லை. சுவரோரத்திலிருந்து அவள் திரும்பி வரவில்லை. டப்பாவில் தயிர்சாதமும் மாறவில்லை.

மே 5

அந்த வருடம் ரமலான் ஏப்ரல் 3 தொடங்கியது. செய்முறைத் தேர்வு ஏப்ரல் 25க்குப் பிறகு, அதையும் நோன்போடு எழுதினாள். பெருநாள் மே 3. ஒரு நாள் விட்டுப் பொதுத்தேர்வு, முதல் தாள் தமிழ்.

பெருநாளுக்குத் துணி எடுத்தபோது அவள் அம்மா அதே மெரூனில் ஒன்றரை மீட்டர் பருத்தித் துணியும் எடுத்திருக்கிறார். விதியில் நிறம்தானே சொல்லியிருக்கிறது, கம்பளி என்று இல்லையே. ஓரம் அடித்து, மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டுக் கொடுத்தார். தேர்வு முடிந்து மத்தியானம் பஸ் ஸ்டாப்பில் என்னிடம் அதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். காதோரம் அதே சின்ன ஊசி.

அறைக் கண்காணிப்பாளர் வேறு பள்ளியிலிருந்து வந்தவர், எங்கள் விதியெல்லாம் அவருக்குத் தெரியாது. நுழைவுச்சீட்டில் இருந்த படத்தையும் முகத்தையும் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில்.

"இந்த வெயில்ல எதுக்கும்மா இது?"

"நான் போடுறது சார்."

அவர் ஒரு நொடி நின்றாராம். அப்புறம் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார். பத்தேகாலுக்கு மணி அடித்ததும் அவள் எழுதத் தொடங்கினாள்.